மஞ்சக்குப்பத்துப் பதிவறை: குடும்ப வழக்கின் தீர்ப்பு நகலைத் தேடுவதும் பெறுவதும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

திருமணத்திற்கு ஊரே சாட்சி. மேளம் முழங்கும், பந்தி நடக்கும், மொய் எழுதும் நோட்டில் உறவினர் அனைவரின் பெயரும் இருக்கும். ஆனால் அந்த மணம் முறியும்போது சாட்சியாக நிற்பது ஒரு காகிதம் மட்டுமே. நீதிமன்றத்தின் முத்திரையும் அலுவலரின் கையெழுத்தும் கொண்ட அந்தக் காகிதத்திற்குச் சான்றிட்ட நகல் என்று பெயர். அது கையில் இல்லாத காரணத்தால் மறுமணம் தடைப்பட்ட பெண்கள் உண்டு. ஓய்வூதியம் கிடைக்காமல் அலைந்த தாய்மார்கள் உண்டு. கடவுச்சீட்டுப் பெற முடியாமல் வெளிநாட்டு வேலையை இழந்தவர்களும் உண்டு.

மாணவ நண்பர்களே! நம் வீடுகளில் பெரும்பாலும் படித்தவர் என்றால் நாம்தான். அண்டை வீட்டு அத்தையோ, தெருக்கோடி அக்காவோ, ‘தம்பி, கோர்ட்டில் ஒரு காகிதம் வாங்கணுமாம், என்ன செய்யணும்?’ என்று நம்மைத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் நோக்கத்துடன் இக்கட்டுரை எழுதப்படுகிறது. இது சட்ட நூல் அன்று, வழிகாட்டி மட்டுமே.

மஞ்சக்குப்பமும் தென்னார்க்காடும்

கடலூரின் மஞ்சக்குப்பம் ஆங்கிலேயர் காலந்தொட்டே அலுவலகங்களின் இருப்பிடம். 1690-ஆம் ஆண்டில் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியது. அதன் பின்னர் வளர்ந்த இந்நகரம் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரானது. ஆட்சியர் அலுவலகமும் மாவட்ட நீதிமன்றமும் இங்கே அமைந்தன. ‘மஞ்சக்குப்பம் போய் வந்தேன்’ என்று கிராமத்தார் சொன்னால், அது வழக்குக்கோ மனுவுக்கோ போய் வந்ததையே குறிக்கும்.

இந்த வரலாறு நம் பொருளுக்கு ஏன் தேவை? ஒரு வழக்குக் கட்டு எங்கே இருக்கும் என்பதை, அந்த வழக்கு நடந்த ஆண்டில் மாவட்டத்தின் எல்லை எப்படி இருந்தது என்பதும் தீர்மானிக்கிறது. 1993 செப்டம்பர் 30-ஆம் நாள் தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்தது. விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஆகவே இன்று விழுப்புரம் அல்லது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் ஓர் ஊரின் பழைய வழக்கு, அக்காலத்தில் கடலூர் மாவட்ட நீதிமன்றத்தின் ஆளுகைக்குள் இருந்திருக்கும். ‘எங்கள் ஊர் கடலூர் மாவட்டம் இல்லையே’ என்று எண்ணி மஞ்சக்குப்பத்தை விட்டுவிடக் கூடாது.

மற்றொன்று, நம் அண்டை மண்ணாகிய புதுச்சேரி. கடலூர் மாப்பிள்ளைக்குப் பாகூர்ப் பெண் என்பது இங்கே சாதாரணம். திருமணம் புதுச்சேரியில் நடந்திருந்தால் வழக்கும் அங்கேயே தொடுக்கப்பட்டிருக்கலாம். புதுச்சேரி நீதிமன்றங்களும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் இயங்குபவையே. எனினும் பதிவறை வேறு, அலுவலகம் வேறு.

எந்த நீதிமன்றம்?

தேடலின் முதற்படி இதுவே. பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். ‘கோர்ட்டில் தீர்ந்தது’ என்று சொல்வார்கள்; எந்தக் கோர்ட் என்று கேட்டால் விழிப்பார்கள்.

இந்துக்களின் மணவழக்குகள் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி நடைபெறுகின்றன. அதற்கு முன்னரே சென்னை மாகாணத்தில் 1949-இல் இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவுக்கும் வழி செய்யும் சட்டம் ஒன்று வந்தது என்பதை வரலாற்று மாணவர்கள் நினைவிற்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இவ்வழக்குகளைச் சார்பு நீதிமன்றங்கள் விசாரித்து வந்தன. எனவே சிதம்பரத்துக் குடும்பத்தின் பழைய வழக்கைச் சிதம்பரம் சார்பு நீதிமன்றத்திலும், விருத்தாசலத்துக் குடும்பத்தின் வழக்கை விருத்தாசலத்திலும் முதலில் தேட வேண்டும்.

1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்த பிறகு நிலைமை மாறியது. குடும்ப நீதிமன்றம் அமைக்கப்பட்ட எல்லைக்குள், மணமுறிவு, மணமக்களின் சொத்துத் தகராறு, குழந்தையின் பாதுகாப்பு, ஜீவனாம்சம் முதலியவற்றை வேறு நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது. நிலுவையில் இருந்த வழக்குகளும் அங்கே மாற்றப்படும். இச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு இவ்வாறு கூறுகிறது. இதனால் ஒரே வழக்கு சார்பு நீதிமன்றத்தில் ஓர் எண்ணுடன் தொடங்கி, குடும்ப நீதிமன்றத்தில் வேறோர் எண்ணுடன் முடிந்திருக்கக்கூடும். பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடுபவர்க்குக் கட்டு கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களின் வழக்குகள் முன்போலவே சார்பு நீதிமன்றத்தில் நடக்கும்.

எந்த ஊரில் வழக்குப் போட்டிருப்பார்கள் என்று தெரியாவிட்டால் சட்டத்தின் 19-ஆம் பிரிவு துணை செய்யும். திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகிய ஏதேனும் ஓரிடத்தில் மனுச் செய்யலாம். மனைவி மனுதாரராயின் அவர் வசிக்கும் இடத்திலும் மனுச் செய்யலாம் என்று 2003-இல் திருத்தம் வந்தது. ஆகவே இந்த நான்கு ஊர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கிறித்தவர்களின் வழக்குகள் 1869-ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டத்தின்படி நடப்பவை. இதில் ஒரு நுட்பம் உண்டு. 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன்பு மாவட்ட நீதிமன்றம் வழங்கிய மணமுறிவுத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். அவ்வுறுதி இல்லையேல் முறிவு முழுமை பெறாது. எனவே கடலூர் முதுநகரிலோ வேறிடத்திலோ உள்ள ஒரு கிறித்தவக் குடும்பத்தின் 1980-களின் தீர்ப்பைத் தேடுபவர், மாவட்ட நீதிமன்ற நகலோடு நின்றுவிடாமல் உயர் நீதிமன்றத்தின் உறுதியாணையையும் பெற வேண்டும்.

இசுலாமியப் பெண்கள் 1939-ஆம் ஆண்டு முசுலிம் மணக் கலைப்புச் சட்டப்படி நீதிமன்றத்தின் வழியே முறிவு பெறலாம். அவ்வாறு பெற்றிருப்பின் அதன் பதிவும் நீதிமன்றத்தில் இருக்கும். ஜமாஅத்திலோ காஜியிடமோ எழுதப்பட்ட ஏடு வேறு. நீதிமன்றத் தீர்ப்பு வேறு.

ஜீவனாம்ச வழக்கோ முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்கீழ் நடந்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின்கீழ் நடக்கிறது. குடும்ப நீதிமன்றம் இல்லாத எல்லையில் இதை விசாரிப்பவர் நீதித்துறை நடுவர். ஆகவே, மணமுறிவுக் கட்டு ஒரு கட்டடத்திலும் ஜீவனாம்சக் கட்டு வேறொரு கட்டடத்திலும் இருப்பது வியப்பன்று. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பெற்ற பாதுகாப்பு ஆணையும் பெரும்பாலும் நடுவர் நீதிமன்றத்தின் ஏட்டிலேயே கிடைக்கும்.

எண்ணே திறவுகோல்

நீதிமன்றத்தில் மனிதர்க்குப் பெயரைவிட எண்ணே முக்கியம். பதிவறையில் ஆயிரக்கணக்கான கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ‘புவனகிரிப் பெண்ணின் வழக்கு’ என்றால் எழுத்தர் என்ன செய்வார்? எண்ணும் ஆண்டும் சொன்னால் எடுத்துத் தருவார்.

எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹெச்.எம்.ஓ.பி. என்றால் இந்துத் திருமண மூல மனு. ஐ.டி.ஓ.பி. என்றால் கிறித்தவர்களின் மணமுறிவு மனு. ஜி.டபிள்யூ.ஓ.பி. என்றால் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைக்குக் காப்பாளர் நியமிக்கக் கோரும் மனு. எம்.சி. என்றால் ஜீவனாம்ச வழக்கு. ஓ.எஸ். என்றால் மூல வழக்கு. சொத்துப் பங்கு போன்றவை இதில் வரும். ஐ.ஏ. என்றால் பெரிய வழக்கின் ஊடே போடப்பட்ட இடைமனு. சி.எம்.ஏ. என்றால் மேல்முறையீடு.

எண் தெரியவில்லை எனில் எங்கே தேடலாம்? முதலாவது, வீட்டிலேயே தேட வேண்டும். பழைய சம்மன், வழக்கறிஞர் அனுப்பிய அறிவிப்பு, வாய்தாச் சீட்டு, ஜீவனாம்சம் அனுப்பிய மணியார்டர் ரசீது ஆகியவற்றில் எண் இருக்கும். இரண்டாவது, வழக்கு நடத்திய வழக்கறிஞரின் குமாஸ்தா. அவருடைய நாட்குறிப்பில் இல்லாத எண் குறைவு. மூன்றாவது, நீதிமன்றத்தின் வழக்குப் பதிவேடு. ஆண்டும் பெயரும் சொல்லித் தேடும்படி விண்ணப்பிக்கலாம். நான்காவது, இன்றைய மின்நீதிமன்ற வசதி. தரப்பினர் பெயர், வழக்கு எண், வழக்கறிஞர் பெயர் ஆகியவற்றைக் கொண்டு கணினியிலோ கைபேசியிலோ தேடலாம். கணினியில் ஏறிய ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எனப்படும் 16 இடங்கள் கொண்ட ஓர் அடையாளக் குறி உண்டு. அதைக் குறித்துக்கொண்டால் வழக்கு ஒரு நீதிமன்றத்துக்குள் எங்கே நகர்ந்தாலும் அதன் நிலையை அறியலாம்.

எனினும் கணினியில் காண்பது தகவல் மட்டுமே. அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஓய்வூதிய அலுவலகத்திற்குப் போனால் ஏற்க மாட்டார்கள். கணினிப் பதிவு வருவதற்கு முன் முடிந்த வழக்குகள் பல அதில் இரா. பெயரை எழுத்துப் பிசகோடு ஏற்றியிருப்பதும் உண்டு. ‘செல்வி’ என்பவர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படுவார் என்பது நமக்குத் தெரியாததா?

யார் கேட்கலாம்?

பொதுவாக வழக்கின் தரப்பினர் நகல் கேட்டால் கொடுக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 20-ஆம் கட்டளையின் 20-ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. வழக்கறிஞர் வழியாகவும் கேட்கலாம். தரப்பினர் தாமே நேரிலும் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வதே ஓர் உரிமையாக வழங்கப்படவில்லை என்பதைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு காட்டுகிறது. ஏழைகள் தாமே பேசட்டும் என்பது அதன் கருத்து.

தரப்பினர் அல்லாதவர் கேட்டால் காரணம் கூறி உறுதியுரைப் பத்திரம் இணைத்து நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். இறந்த தாயின் வழக்கு நகலை மகள் கேட்பது, மறுமணம் செய்யவிருக்கும் பெண்வீட்டார் கேட்பது போன்றவை இவ்வகை. தாய் மகள் உறவைக் காட்டும் வாரிசுச் சான்றைச் சேர்த்தால் எளிதாகும். பெண்வீட்டார்க்கோ நேர்வழி ஒன்று உண்டு: மாப்பிள்ளையையே நகல் வாங்கித் தரச் சொல்வது. அவர் தரப்பினர், அவர்க்குத் தடையில்லை. தர மறுத்தால் அம்மறுப்பே ஒரு செய்தி.

இங்கே வெளிநாட்டு நிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவில் மாநிலங்கள் பலவற்றில் ‘கவுண்டி’ எனப்படும் வட்டார நீதிமன்ற எழுத்தரிடம் மணமுறிவுக் கட்டுகள் இருக்கும். பலவற்றைப் பொதுமக்களே கேட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1858-ஆம் ஆண்டு மணவழக்குக்கெனத் தனி நீதிமன்றம் தொடங்கியது. அதற்கு முன் முழு மணமுறிவு வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே இயற்ற வேண்டும்! நம் நாட்டிலோ இந்துத் திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, இவ்வழக்குகள் மூடிய அறையில் நடக்க வேண்டும் என்றும், அவற்றை அச்சிட்டு வெளியிடுவது குற்றம் என்றும் விதிக்கிறது. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் தீர்ப்புகளை அவற்றின் முன்னனுமதியுடன் வெளியிடலாம். மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஒரு பெண்ணின் படுக்கையறைக் கதை தெருக்கடையில் பேசுபொருளாகக் கூடாது என்ற எண்ணமே இதன் அடிப்படை. ஆகவே பிறருக்காக நகல் வாங்கச் செல்லும் நாம், அதைப் படித்துவிட்டு நண்பரிடம் கதை சொல்லலாகாது.

‘தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே, பத்து ரூபாயில் மனுப்போட்டு வாங்கிவிடலாமே?’ என்று சிலர் கேட்பார்கள். 2005-ஆம் ஆண்டு வந்த அச்சட்டம் சிறந்ததே. ஆயினும் நீதிமன்ற ஆவணங்களின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சு 4-ஆம் நாள் குஜராத் உயர் நீதிமன்ற வழக்கொன்றில் தீர்ப்பளித்துவிட்டது. எனவே அவ்வழியில் காலத்தை வீணாக்க வேண்டா.

நகல் மனு: படிப்படியாக

முதலாவதாக, நகல் மனு எழுத வேண்டும். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, தரப்பினர் பெயர், தீர்ப்பு நாள், எந்த ஆவணத்தின் நகல் வேண்டும், எத்தனை படிகள் என்பவற்றைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். கட்டணமாக நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். கட்டணம் காலத்துக்குக் காலம் மாறும். அன்றைய கட்டணத்தை நகல் பிரிவிலேயே கேட்டுக்கொள்வது நலம்.

எந்த ஆவணம் என்பதில் கவனம் தேவை. தீர்ப்புரை என்பது நீதிபதி காரண காரியங்களை விளக்கி எழுதியது. தீர்ப்பாணை என்பது அதன் முடிவை மட்டும் சுருக்கித் தனித்தாளில் எழுதியது. அலுவலகங்கள் பெரும்பாலும் கேட்பது தீர்ப்பாணை. மேல்முறையீட்டுக்கு இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சமரசத்தில் முடிந்த வழக்காயின் சமரச ஒப்பந்தத்தின் நகலையும் கேட்க வேண்டும். குழந்தை யாரிடம் இருக்கும், நகை எப்போது திரும்பும் என்பவை அதிலேதான் இருக்கும்.

இரண்டாவதாக, மனு ஏற்கப்பட்டதும் கட்டு வரவழைக்கப்பட்டுப் பக்கங்கள் எண்ணப்படும். எத்தனை நகல் முத்திரைத்தாள் அல்லது எவ்வளவு கட்டணம் தேவை என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். மனுப் போட்டவர் இதைப் பார்த்து, குறித்த நாளுக்குள் கட்ட வேண்டும். பலகையைப் பார்க்காமல் வீட்டில் காத்திருந்தால் மனு தள்ளுபடியாகும். வெளியூரிலிருந்து வருபவர்கள் பலர் நகல் கிடைக்காமல் திரும்புவதற்கு இதுவே காரணம். கடிதம் வரும் என்று காத்திருப்பார்கள்; பலகையோ பேசாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாக, நகல் தயாரானதும் ஒப்பிட்டுப் பார்த்துச் சான்றிட்டு, முத்திரையிட்டுக் கொடுப்பார்கள். வாங்கியவுடன் அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும். பெயர், தந்தை பெயர், நாள், எண் ஆகியவை சரியா? எல்லாப் பக்கமும் இருக்கிறதா? ‘உண்மை நகல்’ என்ற சான்றும் அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா? இவை இருந்தால்தான் சான்றுச் சட்டப்படி மூல ஆவணத்துக்கு ஈடாக இது ஏற்கப்படும். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் இடத்தில் இன்று பாரதிய சாக்ஷிய அதிநியமம் வந்துள்ளது. பெயர் மாறினும் விதி மாறவில்லை.

நகலின் கடைசிப் பக்கத்தில் சில நாள்கள் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும்: மனுச் செய்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள். சாதாரணக் குறிப்புப் போலத் தோன்றும் இவ்வரிகளுக்குப் பெரும் மதிப்பு உண்டு. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாள்களை மேல்முறையீட்டுக் காலக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். ஆனால் முத்திரைத்தாள் கேட்ட பிறகு நாம் காலந்தாழ்த்திய நாள்களும், தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாள்களும் நம் கணக்கிலேயே சேரும். குடும்ப நீதிமன்றச் சட்டம் மேல்முறையீட்டுக்கு 30 நாள் தருகிறது. இந்துத் திருமணச் சட்டம் 2003-க்குப் பின் 90 நாள் தருகிறது. எது பொருந்தும் என்ற வாதத்தை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிட்டு, குறைந்த காலத்தையே நம்பி நடப்பது அறிவுடைமை.

இலவசமாகக் கிடைப்பவை

பணம் இல்லையே என்று தயங்குபவர்க்குச் சட்டம் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நான்காம் உட்பிரிவின்படி, மணமுறிவுத் தீர்ப்பாணையின் ஒரு நகலை இரு தரப்பினர்க்கும் இலவசமாகவே கொடுக்க வேண்டும். ஜீவனாம்ச ஆணையின் நகலும் அதைப் பெற்றவர்க்கு இலவசம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் தன் ஆணைகளை இலவசமாகத் தரச் சொல்கிறது. தீர்ப்பு நாளன்றே இவற்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். பல பெண்கள் தீர்ப்பைக் காதால் கேட்டுவிட்டுக் கண்ணீரோடு பேருந்தேறி விடுகிறார்கள். காகிதம் கட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இதில் காலதாமதம் பண இழப்பாகவும் முடியும். ஜீவனாம்சப் பாக்கியை வாரண்டு வழியாக வசூலிக்க, அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆணை நகல் கையில் இல்லாமல் இரண்டாண்டு சும்மா இருந்த பெண், ஓராண்டுப் பாக்கிக்கு அவ்வழியை இழக்கிறாள்.

1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் வட்டங்களில் வட்டக் குழுவும் உள்ளன. தொலைபேசி எண் 15100. நகல் மனு எழுதத் தெரியாதவர்க்கு இவர்களே எழுதிக் கொடுக்க வழி செய்வார்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குகளின் தீர்வாணையும் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது என்பதையும் மறவாதிருப்போம்.

நகலைப் படிக்கத் தெரிய வேண்டும்

நகல் வாங்கியதோடு வேலை முடியவில்லை. ஒரு வீட்டில் மறுமணப் பேச்சு நடப்பதாகக் கொள்வோம். ‘மொத கல்யாணமெல்லாம் தீர்ந்து போச்சுங்க, பத்திரம் இருக்குது’ என்கிறார் மாப்பிள்ளையின் தாய்மாமன். நீட்டுவது இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரம். பெண்ணின் தந்தை தயங்குகிறார். ‘பெரியவங்க போட்ட கையெழுத்துக்கு மேல என்னங்க வேணும்?’ என்கிறார் மாமன்.

வேண்டியது நீதிமன்றத் தீர்ப்பாணை. சில சமூகங்களில் வழிவழியாக வந்த வழக்கப்படியான முறிவை இந்துத் திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மையே. ஆனால் அப்படியொரு வழக்கம் அச்சமூகத்தில் தொன்றுதொட்டு இருப்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க முடியாவிட்டால் முதல் மணம் இன்னும் உயிரோடிருக்கிறது. இரண்டாம் மணம் செல்லாது; அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற உரிமை கிடைக்காது. பிறக்கும் குழந்தைகளைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு ஏற்றுக்கொள்ளும். தாயின் நிலையை அது காப்பாற்றாது.

சரி, தீர்ப்பாணையே காட்டுகிறார்கள் என்று கொள்வோம். அப்போதும் எந்தப் பிரிவின்கீழ் என்று பார்க்க வேண்டும். 13-ஆம் பிரிவும், 1976-இல் சேர்க்கப்பட்ட மனமொத்த முறிவுக்குரிய 13-பி பிரிவுமே மணமுறிவுக்குரியவை. 9-ஆம் பிரிவு சேர்ந்து வாழக் கோருவது. 10-ஆம் பிரிவு நீதிமுறைப் பிரிவினை. இருவரும் தனித்து வாழலாம், மணம் மட்டும் முறியவில்லை. இவற்றை மணமுறிவு என்று எண்ணி மறுமணம் செய்தவர்கள் இடர்ப்பட்டிருக்கிறார்கள். 11, 12 ஆகியவை மணமே செல்லாது எனக் கோருபவை.

ஒருதலைத் தீர்ப்பா என்றும் பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பு வராமலேயே வழங்கப்பட்ட தீர்ப்பை, சம்மன் முறையாகச் சேரவில்லை எனில், அறிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நீக்கக் கோரலாம். இறுதியாக, மேல்முறையீடு நிலுவையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அதற்குரிய காலம் கடந்த பின்னரே மறுமணத்திற்கு 15-ஆம் பிரிவு இடம் தருகிறது. குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடக்கும். மதுரைக் கிளை 2004-இல் தொடங்கியபோதும் கடலூர் மாவட்டம் சென்னையிலேயே நீடிக்கிறது.

மனு எந்த நாளில் தாக்கலாயிற்று என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் குடும்ப ஓய்வூதிய விதியில், பெற்றோர் உயிரோடிருக்கும்போதே மணமுறிவு வழக்குத் தொடுக்கப்பட்டிருந்தால், அவர்கள் மறைந்த பின் தீர்ப்பு வந்தாலும் மகள் ஓய்வூதியம் கோரலாம் என்று 2017-இல் தெளிவாக்கப்பட்டது. அந்த ஒரு நாளே ஒரு பெண்ணின் சோற்றுக்கு வழி செய்யும்.

கட்டு கிடைக்காவிட்டால்

எல்லாக் கட்டுகளும் என்றென்றும் இருப்பதில்லை. 1917-ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றம் விதிகள் வகுத்திருக்கிறது. வழக்குக் கட்டின் சில பகுதிகள் குறித்த ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படும். முக்கியமானவை நெடுங்காலம் காக்கப்படும். ஆகவே ‘கட்டு இல்லை’ என்று வாய்மொழியாகச் சொன்னால் அதோடு திரும்பிவிடக் கூடாது. பதிவேட்டைப் பார்க்கச் சொல்லியும், பதில் எழுத்தில் வேண்டும் என்றும் பணிவாகக் கேட்க வேண்டும். கட்டு மேல் நீதிமன்றத்துக்குச் சென்றிருக்கலாம். வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கட்டில் கீழ்நீதிமன்றத் தீர்ப்பின் நகல் இருப்பது வழக்கம். எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடமும் ஒரு பிரதி இருக்கக்கூடும்.

நம் மாவட்டத்தார்க்கு இத்தேடலின் அருமை நன்றாகவே தெரியும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதலான கடற்கரை ஊர்களை அடித்துச் சென்றது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2015-இல் பெருவெள்ளம் வந்தது. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த குடும்ப அட்டை, பட்டா, தீர்ப்பு நகல் என எத்தனையோ காகிதங்கள் நீரில் கரைந்தன. அத்தகையோர்க்கு நீதிமன்றப் பதிவறையே இரண்டாவது பெட்டி. கரைந்துபோன நகலுக்கு மாற்று நகல் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

வெளிநாட்டில் வேலைக்கோ குடியேற்றத்திற்கோ நகலைப் பயன்படுத்த வேண்டியவர்கள், சான்றிட்ட நகலுடன் மாநில அரசின் சான்றும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் பெற வேண்டியிருக்கும். அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 முதல் நடைமுறையில் உள்ளது. தீர்ப்பு தமிழில் இருந்தால் தகுதியுள்ளவரின் மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

நாம் செய்யக்கூடியது

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். அவற்றோடு ஒரு மாலைப்பொழுதை இதற்கும் ஒதுக்கலாம். முகாம் நடக்கும் ஊரில், தீர்ப்பு நகல் இல்லாத பெண்களுக்கு வழக்கு எண்ணைத் தேடிக் குறித்துக் கொடுத்தல், நகல் மனுவை எழுதிக் கொடுத்தல், சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்கு அழைத்துச் செல்லுதல் ஆகிய மூன்றையும் நம்மால் செய்ய இயலும். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்திற்கு மனுச் செய்வோர்க்கு நீதிமன்ற ஆணை வலுவான சான்றாகும். இதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. பொறுமையும், அழகான கையெழுத்தும், வாயடக்கமும் போதும்.

நகல் வாங்குபவர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கட்டும். ஒன்றை அலுவலகத்திற்குக் கொடுத்தாலும் மற்றொன்று வீட்டில் இருக்கும். வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தின் பெயரையும் தனியாக ஒரு தாளில் எழுதி, பிறந்த வீட்டிலும் ஒரு படி வைக்கட்டும். பிறர் சொல்லும் சொல்லுக்காகக் காத்திராமல், தன் வாழ்க்கையின் சான்று தன் கையிலேயே இருக்கிறது என்ற தைரியம் ஒரு பெண்ணுக்கு வரட்டும்.